மோட்டாரை நிறுத்திவிட்டு இழுத்துப் பாருங்கள்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததுமே சோதனைக் கூடத்துக்குக் கூட்டிப் போய் அந்த ரப்பர் இதயத்தைக் காட்டியிருப்பார்கள். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் மோட்டார், மேலே சுவரில் ஒரு சிவப்பு சுவிட்சு. "இதுதான் தேவநாதன் சுவிட்சு. குடைய வெக்கறதுக்கு முன்னால ஒருதரம் இத நிறுத்திப் பாக்கணும்" என்று சொல்லியிருப்பார்கள். யார் அந்தத் தேவநாதன் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். அவர் ஒரு பெரிய விஞ்ஞானி என்றும், காலமாகிவிட்டார் என்றும் உங்களில் ஒரு பெண் நம்பிக்கொண்டிருந்ததாக அமுதா என்னிடம் சொன்னார். இரண்டுமே தப்பு. விஞ்ஞானியும் இல்லை, காலமாகவும் இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருவந்திபுரம் போகிற சாலையில் ஒரு வீட்டில் இருக்கிறேன். மாடியில் கத்திரிச் செடி வைத்து ஒவ்வொன்றாகச் சாகடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த சுவிட்சுக்கு என் பெயர் வந்தது மரியாதையினால் அல்ல. அது ஒரு தண்டனை. கொடுத்தவர் அமுதா. இன்று வடிவமைப்புப் பிரிவு முழுக்க அவர் கையில் இருக்கிறது என்பதால் அப்பீலுக்கும் வழியில்லை. "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார், நான் சொன்னா புகார் மாதிரி இருக்கும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நாம் செய்கிற பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படிக்கலாம், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் இடது மேலறை ஓரத்தில், காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடிப்பு ஒழுங்காக இருக்கிறவரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. துடிப்பு தாளம் தப்பினால் அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கும். தேங்கினது உறையும். உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு. அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் நம்முடைய குடை. மெல்லிய கம்பிச் சட்டம், மேலே துணி, ஓரத்தில் பூனை நகம் மாதிரி கொக்கிகள். தொடையில் இருக்கிற ரத்தக் குழாய் வழியாக மடக்கியபடி கொண்டுபோய், பையின் வாயில் விரித்துவிட்டால் பை மூடிக்கொள்ளும்.

விரித்த பிறகும் குடை ஒரு கம்பிவடத்தின் நுனியில் திருகியேதான் இருக்கும். வடத்தை மெதுவாக இழுத்துப் பார்ப்போம். குடை நழுவாமல், பையும் சேர்ந்து அசைந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் திருகைக் கழற்றுவது. கழற்றிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் குடைக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை, அது இருக்கிற இடத்தில் இருந்தால் புண்ணியம்.

அந்த வருடங்களில் நம் கூடம் கடலூரில் ரசாயன ஆலைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவோம். மின்வெட்டு வேறு. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அது கம்பி வெட்டுகிற லேசர் எந்திரத்துக்கு மட்டும். ரப்பர் இதயத்துக்கெல்லாம் ஜெனரேட்டர் தர முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், தண்ணீரின் அழுத்தம் இறங்கும், இதயம் காற்றுப் போன பலூன் மாதிரி துவண்டு தொங்கும். நாங்கள் டீ குடிக்கப் போவோம். அதுதான் வழக்கம்.

ஒருநாள் காலையில் கரண்ட் போனபோது எனக்கு டீ குடிக்கத் தோன்றவில்லை. நடுத்தர அளவுக் குடை வாரக் கணக்காகப் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருந்த கோபம். துவண்டு கிடந்த பைக்குள் அதைச் சும்மா சொருகி விரித்தேன். இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். பையே நீண்டு வந்தது, குடை விடவில்லை.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

போண்டா வாங்கி வரச் சொன்னேன். மேலாளர் வந்தார், அமுதா வந்தார். அமுதா அப்போது சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்துபோய்க்கொண்டிருந்த, அதிகம் பேசாத பெண். எல்லோரும் கையில் போண்டாவோடு ரப்பர் இதயத்தைச் சுற்றி நின்றோம். நான் என் சாதனையை விளக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. பை மெல்ல உப்பியது. குடை வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி இரண்டு பக்கமும் தலையை ஆட்டியது. அப்புறம் பொளக்கென்று வெளியே வந்து, தண்ணீரோடு போய் மோட்டாருக்குள் மாட்டிக்கொண்டது. மோட்டார் போட்ட சத்தத்தில் ஒருத்தர் போண்டாவைக் கீழே போட்டுவிட்டார்.

"தேவநாதன், ஒங்க குடை கரண்ட் இல்லாத ஊருக்கு மட்டும் விக்கலாம் போலருக்கே" என்றார் மேலாளர்.

சிரித்தோம். நான்தான் ஜாஸ்தி சிரித்தேன். நம்மைப் பார்த்து மற்றவர் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட வேண்டும் என்பது என் சின்ன வயதுப் பழக்கம். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் சொல்லாத இடம் கிடையாது. கல்யாணப் பந்தி, ரயில் பயணம், மருத்துவர்கள் கூட்டம், எங்கேயும் அதற்குக் கைதட்டல் நிச்சயம். மோட்டார் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவேன்.

அமுதா மட்டும் சிரிக்க மாட்டார். முதல் நாளே கேட்டார்.

"அது சரி சார். இழுத்தப்ப ஏன் நின்னுச்சு?"

"கூச்சம்மா அதுக்கு. இருட்டுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வெளிச்சம் வந்ததும் ஓடிடுச்சு."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இன்னொரு நாள் கேட்டபோது வேறு ஒரு ஜோக் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. பிறகு கொக்கிகளின் வளைவை மாற்றினோம், நழுவுவது நின்றது. மோட்டார் ஓடும்போது ஆயிரம் விதமாகச் சோதித்தோம். கரண்ட் போனால் வழக்கம்போல டீ.

ஆட்டிலும் பன்றியிலும் வைத்துப் பார்த்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வந்து, மனிதர்களுக்கு வைக்கலாம் என்ற நிலை வந்தது. இடம் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனை. வைக்கப் போகிறவர் டாக்டர் ஆரோக்கியராஜ். பெயரே அப்படி இருந்தால் வேறு என்னவாக ஆகியிருக்க முடியும்? அவரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வெளியே பார்த்துக்கொண்டால் மச்சான், மருத்துவமனைக்குள் டாக்டர் சார். இந்த ஒழுங்கை நான் ஒருதடவைகூட மீறினது கிடையாது. அவர் எனக்குப் போட்ட நிபந்தனையும் ஒன்றுதான்.

"நீ உள்ள வரலாம். ஒன்னோட சாமான், நீ பாக்கணும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது. ஒன் ஜோக்கக் கேட்டு எவனாவது சிரிச்சு, என் கை ஆடுச்சுன்னா போச்சு."

முதல் நோயாளி அஞ்சலாட்சி அம்மா. கடலூர்ப் பக்கம் மீன் இறக்கும் தளத்தில் ஏலம் விடுகிறவர். கணவர் இல்லை, ஒரே மகள் தேவகி. ஒருநாள் வஞ்சிரத்துக்கு விலை கூவிக்கொண்டிருந்தபோது நாக்கு குழறி, வார்த்தை வராமல் நின்றுவிட்டது. விலை ஏற்றுவதற்கு ஏதோ தந்திரம் பண்ணுகிறார் என்று நினைத்து வியாபாரிகள் சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் அடுத்த தடவை திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கொட்டி, உயிர் பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டது. மாத்திரையும் இல்லை, சும்மாவும் விட முடியாது.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன அன்று நானும் கூட இருந்தேன். அந்த அம்மா காகிதத்தைத் தொடவே இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"நீதான் செஞ்சியா தம்பி? இதுக்கு முன்னால யாருக்கு வெச்சிருக்கீங்க?"

"ஆட்டுக்கும் பன்னிக்கும் வெச்சோம்மா. மனுஷங்கள்ல நீங்கதான் மொதல்ல."

"ஆடு நல்லாருக்கா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"இருந்துச்சா?"

"இல்லம்மா, அது வந்து... உள்ள எப்பிடிப் பொருந்தியிருக்குன்னு அப்பறம் அறுத்துப் பாக்க வேண்டியிருந்துச்சு."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த அறையே அதிரச் சிரித்தார்.

"பொய் சொல்ல வரல இவனுக்கு. சரி, வைங்க." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கை காலு இழுத்துக்கிட்டாக்கூட பரவால்ல தம்பி. ஒக்காந்த எடத்துலேர்ந்து கூவிக்குவேன். வாய் போச்சுன்னா நான் இல்ல. அத மட்டும் பாத்துக்கோ."

அதை மட்டும். நானும் சரி என்று தலையாட்டினேன். ஏதோ கடை வாசலில் பையை வாங்கிப் பத்திரமாக வைக்கிறவன் மாதிரி.

குடை வைக்கிற அன்று நானும் அமுதாவும் காலையிலேயே பெட்டியோடு சிதம்பரம் போய்விட்டோம். பெட்டியில் இரண்டு குடைகள். நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று. சில வாரங்களுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் அந்த அம்மாவுடைய பையின் வாய் இரண்டுக்கும் நடுவில், பெரியதின் பக்கமே சாய்ந்திருந்தது. பெரிய குடை எனக்குப் பிடிக்காது. அதற்குத் தடித்த குழாய் வேண்டும், கொக்கிகளும் அதிகம். பையின் சுவரோ காகிதம் மாதிரி. கிழிந்தால் இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொள்ளும். நடுத்தரமே போதும் என்று ஆகிவிட்டால் தேவலை என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

வார்டில் நர்ஸ் டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்காமல் அந்த அம்மாவின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நரம்பே தெரியலயேம்மா. தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"

"நேத்து மத்தியானம் சோறு தின்னப்ப குடிச்சது."

"ராத்திரி வரைக்கும் குடிக்கலாம்னு சொல்லியிருந்தோமே?"

"காலைல பஸ்ஸுல வரணும்ல? நடுவுல எங்க எறங்கறது? எங்க தளத்துல பொம்பளைங்களுக்கு ஒதுங்க எடம் ஏது? கூடை எறக்குனா, வீட்டுக்குப் போறவரைக்கும் ஒரு வாய் தண்ணி எறக்க மாட்டோம். எங்க எல்லாருக்கும் பழகிப்போச்சு."

"ஒட்டகம்மா நீங்க" என்றேன்.

"ஒட்டகம் ஏலம் போடுமா?"

தேவகி உட்பட எல்லோரும் சிரித்தோம். அமுதா சிரிக்கவில்லை. ஆனால் அவர் என் எந்த ஜோக்குக்குத்தான் சிரித்தார்?

அதற்குள் மாரடைப்போடு ஒருவரைத் தூக்கி வந்தார்கள். எங்களுக்கு ஒதுக்கியிருந்த அறை அவருக்குப் போனது. அஞ்சலாட்சி அம்மாவை உள்ளே கொண்டுபோகும்போது மதியம் தாண்டிவிட்டது. டிரிப் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதயம் பலவீனமானவர்களுக்கு அப்படித்தான் போடுவார்கள்.

மயக்கம் கொடுத்தார்கள். தொண்டை வழியாக ஸ்கேன் குழாயை இறக்கினார்கள். ஈயக் கவச அங்கி போட்டுக்கொண்டு நான் சுவரோரம் நின்றேன். அமுதா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் இருக்கிற அறையில். ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அம்மா அளந்துவிட்டுச் சொன்னார்:

"நடுத்தரம் போதும் சார். பெருசு தேவையில்ல."

ஆரோக்கியராஜின் தோள் தளர்ந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கோ அந்த அங்கி மட்டும் கனமாக இல்லாவிட்டால் ஒரு குதி குதித்திருப்பேன். போன தடவை அவ்வளவு பெரிதாக இருந்த வாய் இன்றைக்கு எப்படிச் சிறிதாச்சு என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. நமக்குப் பிடித்த விடை வந்தால் நாம் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோமா?

நடுத்தரக் குடையை எடுத்தார்கள். குழாய் வழியாக உள்ளே போனது. திரையில் பூ மாதிரி விரிந்தது. ஆரோக்கியராஜ் வடத்தை இழுத்தார். பையும் சேர்ந்து வந்தது. விட்டார். மறுபடி இழுத்தார். குடை விடவில்லை.

"நின்னுடுச்சு" என்றார்.

அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது. நான் திரையைப் பார்த்தேன். பை குடையின் மேல் ஈரத் துணி விரலில் ஒட்டுகிற மாதிரி சுருங்கி ஒட்டியிருந்தது. இழுத்தால் துணியும் வருகிறது. துணி வருவதால் விரல் அதைப் பிடித்திருக்கிறது என்று ஆகுமா? இதே காட்சியை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். கையில் போண்டாவோடு பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். டெக்னீஷியன்கள் சிரித்தபடி கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அமுதா மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றார்.

ஆரோக்கியராஜின் விரல் திருகைக் கழற்றும் குமிழுக்குப் போனது.

"மச்சான், நிறுத்து."

அந்தக் குரல் என்னுடையது என்று புரிய எனக்கே ஒரு கணம் ஆனது. அந்த அறைக்குள் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். தேவநாதன் வாயைத் திறந்தால் ஜோக்குதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆரோக்கியராஜ் திரும்பவில்லை. ஆனால் விரல் நின்றது. "வெளிய போய்யா."

"போறேன். மொதல்ல கழட்டாத. அந்தம்மா நேத்து மத்தியானத்துலேர்ந்து தண்ணி குடிக்கல."

"ஆப்ரேஷனுக்கு வெறும் வயித்தோட வராம, விருந்து சாப்பிட்டா வருவாங்க?"

இப்போது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "இல்ல மச்சான், அன்னிக்கு கரண்ட் போச்சுல்ல, நாங்க போண்டா தின்னுக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான். போண்டா என்ற வார்த்தை வந்ததுமே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கதைதான் அவர்களுக்கு மனப்பாடமாயிற்றே. நான்தானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உலகத்திலேயே முக்கியமான ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன், என்னிடம் இருப்பதோ ஒரு பழைய ஜோக். அதையே எப்படிச் சொன்னால் நம்புவார்கள்? மேஜையில் மயங்கிக் கிடந்த அம்மாவின் வாயைப் பார்த்தேன். ஸ்கேன் குழாயால் லேசாகத் திறந்திருந்தது. அதை மட்டும் பாத்துக்கோ.

அப்போது ஸ்பீக்கரில் அமுதாவின் குரல் கேட்டது. அவர் பேசி அந்த மருத்துவமனையில் யாரும் அதிகம் கேட்டதில்லை.

"சார், இப்ப மோட்டார் நின்னுருக்கு. ஒடம்புல தண்ணி இல்ல, பை சுருங்கிக் கெடக்கு. அதனாலதான் அளவு சின்னதா வருது, இழுத்தா நிக்குது. இவங்க எழுந்து தண்ணி குடிச்சா பை விரியும். குடை அவ்வளவு விரியாது சார். வெளிய வந்துடும்."

சிரிப்பு நின்றது. வெளியே வந்தால் அது எங்கே போகும் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இதயத்தின் இடது பக்கத்திலிருந்து கிளம்புகிற எதுவும் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் போகும், மூளைக்கும் போகும். எந்தக் கட்டி போகக் கூடாது என்று இத்தனை வருடம் உழைத்தோமோ, அதற்குப் பதில் எங்கள் குடையே போகும்.

"என்ன பண்ணச் சொல்ற?" இப்போது ஆரோக்கியராஜ் என் பக்கம் திரும்பியிருந்தார்.

"டிரிப்பை வேகமா ஏத்து. ஏத்திட்டு அளந்து பாரு."

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் உடனே மறுத்தார். "பலவீனமான ஹார்ட் சார் இது. வேகமா ஏத்தினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்பறம் மூச்சுக்கு நான் பொறுப்பில்ல."

அவர் சொன்னதும் சரி. உள்ளே கம்பியை வைத்துக்கொண்டு காத்திருப்பதும் ஆபத்து, கம்பியின் மேலேயே ரத்தம் உறையலாம். கழற்றினால் ஒரு பயம், கழற்றாவிட்டால் ஒரு பயம், தண்ணீர் ஏற்றினால் இன்னொரு பயம். ஆரோக்கியராஜ் வடத்தைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. சின்ன வயதிலிருந்து அவர் பார்த்த முகம்தான். அன்றைக்கு அதில் என்ன இருந்ததோ தெரியாது.

"ஏத்துங்க" என்றார். "நுரையீரலப் பாத்துக்கிட்டே ஏத்துங்க. நான் இத விடாமப் பிடிச்சிருக்கேன்."

ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. திரையில் பை அப்படியே இருந்தது, குடை அப்படியே இருந்தது. மயக்க டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். தப்பாகச் சொல்லிவிட்டோமோ? ரப்பர் இதயத்தில் நடந்தது ரப்பருக்கு மட்டும் பொருந்துமோ? இந்த அம்மாவுக்கு மூச்சு முட்டினால் தேவகியிடம் போய் என்ன சொல்வேன்? ஒரு ஜோக் ஞாபகம் வந்ததும்மா என்றா?

"இன்னும் கொஞ்சம்" என்றார் ஆரோக்கியராஜ்.

"சார்..."

"இன்னும் கொஞ்சம்."

முதலில் பார்த்தவர் ஸ்கேன் டாக்டர் அம்மாதான். "சார், வாய் ரவுண்டாகுது."

சப்பையாக இருந்த பையின் வாய் மெல்ல வட்டமாகிக்கொண்டிருந்தது. குடையின் ஒரு ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று விழுந்தது. அந்தக் கீற்று வழியாக ரத்தம், ஸ்கேன் காட்டுகிற நிறக் கோடாக, உள்ளே பாய்ந்தது. கீற்று அகன்றது. அப்புறம் குடை, கையில் போண்டாவோடு நான் பார்த்த அதே குடையின் தம்பி, இரண்டு பக்கமும் தலையை ஆட்டியது. வேண்டாம், வேண்டாம்.

ஆரோக்கியராஜ் வடத்தை இழுக்கக்கூட இல்லை. சும்மா விரலால் தொட்டார். வந்துவிட்டது.

வடம் இருந்ததால் அவர் கைக்கு வந்தது. அதைக் குழாய்க்குள் மடக்கி வெளியே எடுத்தார். சுவர் கிழியவில்லை என்று ஸ்கேனில் உறுதியானதும்தான் அவர் வாயைத் திறந்தார்.

"பெருச எடுங்க."

பெரிய குடை ஒன்றுதான் இருந்தது. தவறினால் இன்றைக்கு வேறு கிடையாது. அதன் கொக்கிகள் ஒவ்வொன்றும் அமுதா உட்கார்ந்து வளைவு பார்த்தவை. தடித்த குழாயை மாற்றினார்கள். குடை உள்ளே போனது, விரிந்தது. இந்தத் தடவை பை உப்பியிருந்தது. ஓரத்தில் கீற்று இல்லை. ஆரோக்கியராஜ் இழுத்தார். நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். நின்றது. "நின்னுடுச்சு" என்று யாரும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"சொல்லு."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அமுதா தலையை அசைத்தார்.

"கழட்டு, மச்சான்."

அதற்குப் பிறகு வெளியே தேவகியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "நல்லா வெச்சாச்சாண்ணே?" என்றார். வைத்தாச்சு என்றேன். "பேசுவாங்கள்ல?" என்றார். கண் விழிக்கட்டும் என்றேன். குழாய்களும் கம்பிகளும் அவ்வளவு நேரம் உள்ளே இருந்திருக்கின்றன. ஒரு கடுகளவு கட்டி கிளம்பியிருந்தாலும் போதும். கண் விழித்த பிறகுதான் தெரியும்.

கண் விழித்தார் என்று கூப்பிட்டார்கள். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றோம். அந்த அம்மா கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தேவகி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. ஆரோக்கியராஜ் குனிந்து, "அம்மா, சொல்லுங்க, ஒங்க பேரு என்னா?" என்றார்.

கரகரவென்று, தொண்டைக் குழாய் உரசின புண்ணோடு, ஆனால் தெளிவாக வந்தது குரல்.

"எம் பேரு கெடக்கட்டும். தண்ணி குடுங்கடா மொதல்ல."

ஆரோக்கியராஜ் என் முதுகில் ஒரு அறை வைத்தார். வலித்தது. "எத்தினி தடவடா அந்த போண்டா கதைய எங்கிட்ட சொல்லியிருப்ப? என் பொண்ணு சடங்குலகூட சொன்னியே. ஒரு தடவயாவது அது ஏன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். போண்டா ஏன் அவ்ளோ சீக்கிரம் ஆறிடுச்சுன்னு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

கடலூர் திரும்பியதும் அமுதா வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். துவண்ட பையில் குடையை விரித்து இழுத்தார். நின்றது. பிளக்கைச் சொருகினார். வந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தார், எல்லா அளவிலும் செய்தார். பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரில் சிவப்பு சுவிட்சு போடச் சொன்னார். என்ன பெயர் எழுத வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் கேட்டதற்கு, அமுதா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

மருத்துவமனையிலும் அன்றிலிருந்து, உடம்பில் தண்ணீர் ஏற்றிய பிறகுதான் அளப்பது என்று ஆரோக்கியராஜ் விதி வைத்தார்.

இனி உங்களுக்கு. கூடத்தில் ஏதாவது கோணலாக நடக்கும். நடக்கும்போது சிரியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சிரிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது, நான் செய்ததும் இல்லை. ஆனால் சிரித்து முடித்ததும், அந்த அறையில் சிரிக்காமல் இருக்கிற ஒருவரைத் தேடுங்கள். அவர் ஒரு கேள்வி வைத்திருப்பார். அதற்கு ஜோக்கால் பதில் சொல்லாதீர்கள். உங்களில் யாராவது அப்படிச் சிரிக்காத ஆளாக இருந்தால், மூன்றாம் தடவையும் கேளுங்கள். என்னை மாதிரி ஒருத்தன் மடக்கினான் என்று நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போதே அஞ்சலாட்சி அம்மாவிடம் மோட்டார் கதையைச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தேன். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் பை முழுக்க மூடியிருந்தது. அந்த வாரம் நான் மீன் தளத்துக்குப் போனேன். தூரத்திலேயே குரல் கேட்டது. ஐஸ் உடைக்கிற சத்தம், படகு எஞ்சின் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அஞ்சலாட்சி அம்மாவின் குரல் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. தளத்தின் ஓரத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, பெண்களுக்கென்று ஒரு கழிவறை கட்டியிருந்தார்கள். "அம்மா ஆபீஸு ஆபீஸா போயி கத்திக் கொண்ணாந்தது அண்ணே" என்றார் தேவகி. "தண்ணி குடின்னு சொன்னீங்கல்ல, குடிச்சா எங்க போறதுன்னு கேட்டு உண்டு இல்லன்னு ஆக்கிடுச்சு."

அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். ஏலத்தை அப்படியே நிறுத்தினார். வியாபாரிகள் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். இடுப்பிலிருந்த பாட்டிலை எடுத்துத் திறந்து, என் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மடக் மடக்கென்று பாதியைக் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மோட்டார் ஓடுது தம்பி!" என்று அங்கிருந்தே கத்தினார்.

பிறகு அடுத்த கூடைக்கு விலை கூவ ஆரம்பித்தார்.